இழுக்க இழுக்க இறுகும் பிடி: பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும் விதம்

தினமும் குடிக்கிற தண்ணீர் பாட்டிலை நாலைந்து நாள் கழுவாமல் விட்டுவிட்டு, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஏதோ தட்டுப்படும். ஒருமுறை அதைப் போக்குவதற்காக பாட்டிலைக் குழாயடியில் பிடித்து, தண்ணீரை முழு வேகத்தில் திறந்துவிட்டேன். தண்ணீர் வீணானதுதான் மிச்சம், வழவழப்பு அசையவில்லை. அது பாக்டீரியாக் கூட்டமும் அவை தமக்காகக் கட்டிக்கொண்ட வீடும் சேர்ந்தது. காலையில் பல் துலக்கும் முன் நாக்கால் பல்லைத் தடவும்போது தெரிகிற பிசுபிசுப்பும் இதே சங்கதிதான்.

கை இல்லை, கால் இல்லை, நகம் இல்லை. அப்படிப்பட்ட ஓர் உயிர், மேலே இவ்வளவு தண்ணீர் பாய்ந்தும் எப்படி விடாமல் பிடித்திருக்கிறது? பசை மாதிரி ஏதோ சுரக்கிறது என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மை. பசை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் மின்சுமை, உப்பு, மெல்லிய இழைகள் என்று பல கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வேலை செய்யும் தூரம் வேறு, பிடியின் பலம் வேறு.

அந்த அளவில் உலகம் வேறு மாதிரி

ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் 500 ஈ.கோலைகளை வரிசையாகப் படுக்க வைக்கலாம். எடையோ, ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. இவ்வளவு சிறிய உயிருக்கு நம்முடைய அன்றாட அனுபவம் எதுவும் பொருந்தாது. புவியீர்ப்பு அதற்கு ஏறத்தாழ இல்லாத மாதிரிதான். தண்ணீரோ, நமக்குத் தார் எப்படியோ அப்படி.

நாம் நீந்தும்போது கை காலை அசைப்பதை நிறுத்தினாலும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போவோம். பாக்டீரியா நிறுத்தினால் என்ன ஆகும் என்று இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977இல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓர் அணுவின் அகலம்கூட நகராமல் அது அங்கேயே நின்றுவிடும். வேகமாக ஓடிவந்து சுவரில் மோதி ஒட்டிக்கொள்வது என்பதெல்லாம் அந்த உலகில் கிடையாது. அடியடியாக நெருங்கித்தான் ஆக வேண்டும்.

குழாய்த் தண்ணீர் ஏன் தோற்றது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஆற்றில் நடுவே வேகம் அதிகம், கரையோரம் குறைவு என்பதைப் பார்த்திருப்பீர்கள். இதை இன்னும் நெருங்கிப் போய்ப் பார்த்தால், சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர் நகர்வதே இல்லை. சுவரிலிருந்து விலக விலகத்தான் வேகம் கூடும். பாக்டீரியாவின் உயரமே ஒரு மைக்ரோமீட்டர் என்பதால், மேலே வெள்ளமே போனாலும் அது இருக்கும் இடத்தில் மெல்லிய நகர்வுதான்.

இங்கே விசையை அளக்கும் அலகு பிக்கோநியூட்டன். ஒரு நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அளவு பிடிபட ஒரு வழி: நூறு ஈ.கோலைகளை ஒன்றாகத் தராசில் வைத்தால் காட்டும் எடை கிட்டத்தட்ட ஒரு பிக்கோநியூட்டன். சுவரோரம் மெதுவாக ஓடும் தண்ணீர் ஒரு பாக்டீரியாவைத் தள்ளுவதும் ஓரிரு பிக்கோநியூட்டன் விசையில்தான். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தொடாமலே ஒட்டுவது

முதலில் ஒரு சின்ன விஷயம். பாக்டீரியா வந்து சேர்வது பெரும்பாலும் வெறும் கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ அல்ல. எந்தப் பொருளையும் தண்ணீரில் போட்ட சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் அதன்மேல் புரதம், சர்க்கரைத் துணுக்குகள் போன்றவை படிந்து மெல்லிய பூச்சு உண்டாகிவிடும். பல்லில் எச்சில் புரதங்கள் படிவது இப்படித்தான். பாக்டீரியா சந்திப்பது இந்தப் பூச்சைத்தான். ஒட்டவே ஒட்டாத பரப்பைத் தயாரித்துவிட்டோம் என்ற அறிவிப்புகளைப் படிக்கும்போது எனக்கு வரும் முதல் சந்தேகம் இதுதான்: பூச்சு படிந்த பிறகும் அது ஒட்டாத பரப்பாக இருக்குமா?

சரி, பாக்டீரியா பரப்பை நெருங்குகிறது. உடனே ஒரு தடை. பெரும்பாலான பாக்டீரியாக்களின் வெளித்தோலில் எதிர்மின்சுமை இருக்கிறது. தண்ணீரில் மூழ்கிய கண்ணாடி, பாறை, உயிரணு என்று பெரும்பாலான பரப்புகளிலும் எதிர்மின்சுமைதான். ஒரே வகைச் சுமைகள் ஒன்றையொன்று தள்ளும். அப்படியானால் பாக்டீரியா நெருங்கவே முடியக் கூடாது.

நெருங்க முடிவதற்குக் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. உப்பிலிருந்து பிரியும் நேர்மின் அயனிகள், எதிர்மின் பரப்பைச் சுற்றிப் போர்வை மாதிரி குவிந்து அதன் சுமையை மறைத்துவிடும். போர்வைக்கு வெளியே இருப்பவருக்கு உள்ளே சுமை இருப்பதே தெரியாது. உப்பு எவ்வளவு அதிகமோ போர்வை அவ்வளவு மெலிது. உப்பு மிகக் குறைந்த தண்ணீரில் விலக்கு விசை பத்து நானோமீட்டர், அதற்கு மேலும்கூட எட்டும். கடல்நீரில் ஒரு நானோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

விலக்கு விசை ஒருபுறம் இருக்க, ஈர்ப்பு விசை ஒன்றும் இருக்கிறது. எந்த இரண்டு பொருளும் மிக நெருங்கும்போது, அவற்றின் அணுக்களில் உள்ள எலக்ட்ரான்களின் அசைவினால் ஒன்றையொன்று மெல்ல இழுக்கும். இதற்கு வாண்டர்வால்ஸ் விசை என்று பெயர். சுமை எதுவானாலும் இது வேலை செய்யும், உப்பினாலும் பெரிதாகக் குறையாது.

இந்த இழுப்பையும் அந்தத் தள்ளலையும் கூட்டிக் கழித்துப் பார்க்கும் கோட்பாட்டை சோவியத் நாட்டின் டெர்யாகினும் லாண்டவும் 1941இல் வெளியிட்டார்கள். நெதர்லாந்தின் ஃபெர்வேயும் ஓவர்பீக்கும் தனியாக அதே முடிவுக்கு வந்து 1948இல் எழுதினார்கள். நால்வரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டி.எல்.வி.ஓ. கோட்பாடு என்பார்கள். இவர்கள் யோசித்தது சாயத்துகள், களிமண் மாதிரியான நுண்துகள்களைப் பற்றி. பாக்டீரியாவும் ஒருவகையில் நுண்துகள்தானே என்று பிறகு அதை இங்கேயும் பொருத்திப் பார்த்தார்கள்.

கணக்கு ஒரு விநோதமான படத்தைக் காட்டியது. பரப்பிலிருந்து சில நானோமீட்டர் தள்ளி, இழுப்பு மேலோங்கும் ஒரு சின்னப் பள்ளம். அதற்கும் பரப்புக்கும் நடுவே, தள்ளல் மேலோங்கும் ஒரு மேடு. நெருங்கி வரும் பாக்டீரியா அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும். மேட்டைத் தாண்டிப் பரப்பைத் தொட முடியாது, பள்ளத்தை விட்டுச் சுலபமாக வெளியேறவும் முடியாது. அதாவது, பரப்பைத் தொடாமலே அதனோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த நிலையில் நுண்ணோக்கியில் பார்த்தால் அது துடித்துக்கொண்டே இருப்பது தெரியும்.

கெவின் மார்ஷலும் அவருடைய சகாக்களும் 1971இல் கடல் பாக்டீரியாக்களை வைத்து இதைச் சோதித்தார்கள். தண்ணீரில் உப்பைக் குறைத்தால் பள்ளமும் காணாமல் போகும், பாக்டீரியாவும் விலகிப் போகும். இதை அவர்கள் மீளும் ஒட்டுதல் என்றார்கள். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, உப்பைக் குறைத்தாலும் கழுவினாலும் சில பாக்டீரியாக்கள் நகரவே இல்லை. அது மீளா ஒட்டுதல். இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நடந்தது?

மேட்டைத் தாண்டும் இழைகள்

தள்ளும் மேட்டின் உயரம், நெருங்கி வரும் பொருள் எவ்வளவு பருமன் என்பதைப் பொறுத்தது. பருமனான உடலுக்கு மேடு பெரிது. ஊசிமுனை மாதிரி மெலிந்த ஒன்றுக்கு மேடே இல்லை என்று சொல்லலாம். இந்த ஓட்டையைத்தான் பாக்டீரியா பயன்படுத்துகிறது. உடலை மேட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, ஏழு நானோமீட்டர் அளவே தடிமன் உள்ள இழைகளை அந்தப் பக்கம் நீட்டுகிறது. இந்த இழைகளுக்கு ஃபிம்பிரியே, பிலி என்று பெயர்கள். ஓர் ஈ.கோலையின் உடம்பைச் சுற்றி இவை நூற்றுக்கணக்கில் முளைத்திருக்கும். நீந்த உதவும் கசையிழை வேறு, இவை வேறு.

இழையின் தண்டு, ஒரே புரதத்தின் ஆயிரக்கணக்கான பிரதிகளைச் சுருள்கம்பி மாதிரி சுற்றிக் கட்டியது. நுனியில் மட்டும் வேறொரு புரதம். ஈ.கோலையின் முதல்வகை ஃபிம்பிரியே என்ற இழையில் அந்த நுனிப் புரதத்தின் பெயர் ஃபிம்ஹெச். நம் உயிரணுக்களின் வெளிப்புறத்தில் தொங்கும் மேனோஸ் என்ற சர்க்கரையை அது பற்றிக்கொள்ளும். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஈ.கோலை இடம்பிடிப்பது இப்படித்தான்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கே வருகிறது. சாதாரணமாக எந்தப் பிடியானாலும் இழுக்க இழுக்கத் தளரும், சீக்கிரம் விட்டுப்போகும். 2002இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வெண்டி தாமஸ், எவ்கெனி சோகுரென்கோ, வியோலா ஃபோகல் ஆகியோரின் குழு, மேனோஸ் பூசிய பரப்பில் ஈ.கோலை எப்படி ஒட்டுகிறது என்று ஆராய்ந்தது. தண்ணீரை மெதுவாக ஓடவிட்டால் பாக்டீரியாக்கள் விட்டுவிட்டு நகர்ந்து போயின. வேகத்தைக் கூட்டியபோது ஒட்டி நின்றுவிட்டன. மறுபடி வேகத்தைக் குறைத்தால் மறுபடி நகரத் தொடங்கின.

சுருக்கு முடிச்சை நினைத்துப் பாருங்கள். கயிறு தொய்ந்திருக்கும்போது சுருக்கும் தளர்வாக இருக்கும், இழுத்தால் இறுகும். ஃபிம்ஹெச்சுக்கு இரண்டு பாகங்கள். ஒன்று சர்க்கரையைப் பிடிக்கும், மற்றொன்று இழையோடு இணைந்திருக்கும். இழுப்பு இல்லாதபோது இரண்டாவது பாகம் முதல் பாகத்தின்மேல் சாய்ந்து அழுத்திக்கொண்டிருக்கும், அதனால் சர்க்கரையைப் பிடிக்கும் குழி வாய் திறந்தபடி இருக்கும். தண்ணீரின் வேகத்தில் உடல் இழுபடும்போது இரண்டு பாகங்களும் பிரியும், குழியின் வாய் சர்க்கரையைச் சுற்றி மூடிக்கொள்ளும். பிடி விடுவதற்கான நேரம் பல மடங்கு நீண்டுவிடும். ஒரு வரம்புக்கு மேல் இழுத்தால் இதுவும் அறுந்துபோகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எப்போதும் இறுக்கமாகவே பிடித்துக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். சிறுநீரில் மேனோஸ் தொங்கும் புரதங்கள் தாமாகவே மிதந்துகொண்டிருக்கின்றன. யூரோமாடுலின் அவற்றில் முக்கியமானது. உடல் வைத்திருக்கும் ஒருவகைத் தூண்டில் அது. கண்டதையெல்லாம் இறுகப் பிடிக்கும் பாக்டீரியா அதில் மாட்டிச் சிறுநீரோடு வெளியே போய்விடும். மிதக்கும் சர்க்கரை இழுப்பைத் தராது, அதனால் அதன்மேல் பிடியும் இறுகாது. சுவரில் உள்ள சர்க்கரையைப் பிடித்தால் மட்டும் சிறுநீரின் ஓட்டம் இழுக்கும், பிடி இறுகும். ஆக, வெளியே தள்ள வந்த வெள்ளமே எது சுவர் என்று அதற்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதைப் படித்ததும் மேனோஸ் பொடியைக் கரைத்துக் குடித்தால் சிறுநீர்த் தொற்று வராதே என்ற யோசனை எழும். பலருக்கும் எழுந்தது. அந்தப் பொடி கடைகளில் விற்கவும் செய்கிறது. ஆனால் அடிக்கடி தொற்று வரும் பெண்களிடம் பிரிட்டனில் நடத்திய சோதனையின் முடிவு 2024இல் வந்தபோது, தினமும் மேனோஸ் குடித்ததால் பலன் தெரியவில்லை.

சுருள்கம்பி போன்ற தண்டுக்கும் வேலை உண்டு. திடீரென்று ஓட்டம் வேகமெடுத்தால், சில பத்து பிக்கோநியூட்டன் விசையில் சுருள் பிரிந்து இழை பல மடங்கு நீளும். அதிர்ச்சி முழுவதையும் தண்டு வாங்கிக்கொள்ளும், நுனியின் பிடி பிழைத்துவிடும். வேகம் அடங்கியதும் சுருள் பழையபடி சுற்றிக்கொள்ளும்.

எல்லா இழைகளும் சும்மா தொங்குபவை அல்ல. நான்காம்வகை பிலி என்று ஒன்று இருக்கிறது. அதை நீட்டி, நுனியை எங்கேயாவது ஒட்டவைத்து, பிறகு உள்ளே இழுத்துக்கொள்ளும். நங்கூரத்தை வீசிக் கயிற்றை இழுப்பதுபோல உடல் முன்னால் நகரும். ஒரே இழை இழுக்கும் விசை நூறு பிக்கோநியூட்டனைத் தாண்டும். அதாவது தன் எடையைப் போலப் பத்தாயிரம் மடங்கு.

இன்னும் முரட்டுப் பிடிகள் உண்டு. உடலுக்குள் பொருத்தும் மருத்துவச் சாதனங்களில் குடியேறும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா, அவற்றின்மேல் படிந்த ஃபைப்ரினோஜன் என்ற இரத்தப் புரதத்தைப் பற்றும். அந்த ஒற்றை மூலக்கூறுப் பிடியைப் பிரிக்க 2000 பிக்கோநியூட்டன் வரை வேண்டும் என்று அளந்திருக்கிறார்கள். அணுக்களுக்கு இடையே உள்ள வேதிப்பிணைப்பை அறுக்கத் தேவைப்படும் விசைக்குப் பக்கத்தில் வருகிறது இது.

வந்து சேர்ந்தது எப்படித் தெரியும்?

இழை பிடித்தாயிற்று. ஆனால் இப்போது தான் ஒரு பரப்பில் இருக்கிறோம் என்று பாக்டீரியாவுக்குத் தெரிந்தாக வேண்டும், அப்போதுதான் வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ள முடியும். கண்ணும் இல்லை, நரம்பும் இல்லை. அது கவனிப்பது தன் உறுப்புகளின் தடுமாற்றத்தை. தாராளமாகச் சுழன்றுகொண்டிருந்த கசையிழை ஏதோ தட்டுப்பட்டுத் திணறுகிறது, உள்ளே இழுத்த பிலி வர மறுக்கிறது. அந்தத் திணறல் பல பாக்டீரியாக்களில் சைக்ளிக் டை-ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறின் அளவை உயர்த்துகிறது. அந்த அளவு ஏறினால் நீச்சல் குறையும், பசை தயாரிப்பு கூடும்.

பசை என்றால் காலோபேக்டர் கிரெசென்டஸின் பசையைச் சொல்ல வேண்டும். சத்துக் குறைந்த நன்னீரில் வாழும் சாதுவான பாக்டீரியா அது, நோய் எதுவும் தராது. பரப்பில் தொட்டதும் உடலின் ஒரு முனையில் துளியளவு பசையைச் சுரந்து நங்கூரமிட்டுவிடும். 2006இல் அதை ஒவ்வொன்றாகப் பிய்த்து அளந்தபோது சராசரியாக 0.59 மைக்ரோநியூட்டன் தேவைப்பட்டது. பிக்கோவில் சொன்னால் ஐந்தே முக்கால் லட்சத்துக்கும் மேல். பசையின் பலம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 68 நியூட்டனுக்கும் அதிகம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அதைத் தடவினால் 700 கிலோ எடையைத் தொங்கவிடலாம் என்பது கணக்கு. ஈரத்திலேயே பிடிக்கும் பசை என்பதால் தொழிலுக்குப் பயன்படுமா என்று பார்க்கிறார்கள். ஒரு தொல்லை, பாக்டீரியாவின் பசையைத் தயாரித்தால் தயாரிக்கும் பாத்திரத்திலேயே ஒட்டிக்கொள்கிறது.

வீடு கட்டுவது

ஒட்டிய பிறகு பாக்டீரியா இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும், சுற்றிலும் சர்க்கரைச் சங்கிலி, புரதம், செத்த பாக்டீரியாக்களிலிருந்து கசிந்த டிஎன்ஏ எல்லாம் கலந்த கூழைச் சுரக்கும். இதுதான் உயிர்ப்படலம், பாட்டிலில் விரலுக்குத் தட்டுப்பட்ட வழவழப்பு. பல்லில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா நாம் தின்னும் சர்க்கரையையே கரையாத பசையாக மாற்றிவிடும். பல் மருத்துவர்கள் இனிப்பைக் குறைக்கச் சொல்வதற்கு அமிலம் மட்டும் காரணம் அல்ல, இந்தப் பசையும்தான்.

நெதர்லாந்தில் லேவன்ஹுக் 1683இல் தன் பல்லிடுக்கு அழுக்கை நுண்ணோக்கியில் வைத்து, நெளியும் உயிர்களைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். காடியை (வினிகர்) வாயில் வைத்துக் கொப்புளித்தும் அழுக்கின் உள்ளே இருந்தவை சாகவில்லை. அழுக்கைச் சுரண்டி வெளியே எடுத்துக் காடியில் கலந்தபோது செத்தன. கூழுக்குள் இருக்கும்வரை மருந்து உள்ளே போய்ச் சேர்வது கடினம் என்பதன் முதல் பதிவு இது என்று நான் சொல்வேன். இன்றைக்கும் உயிர்ப்படலத்தில் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல, தனியே மிதக்கும் பாக்டீரியாவுக்குத் தேவையானதைப் போல நூறு, சில சமயம் ஆயிரம் மடங்கு ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கிறது.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் ஒட்ட வேண்டும்? கடல்நீரைப் பாட்டிலில் வைத்து ஆராய்ந்த கிளாட் சோபெல் 1943இல் ஒரு பதில் சொன்னார். சத்துக் குறைந்த நீரில், கண்ணாடிப் பரப்பு அதிகமாக இருந்தால் பாக்டீரியா நன்றாகப் பெருகியது. உணவுத் துணுக்குகள் பரப்பில் படிவதால், தண்ணீரில் தேடி அலைவதைவிடச் சுவரில் உட்கார்ந்திருப்பது லாபம். சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் கற்களை அடுக்கி, அவற்றின்மேல் நீரைச் சொட்டவிட்டு, ஒட்டி வளரும் பாக்டீரியாக்களைக் கொண்டே அழுக்கைத் தின்ன வைப்பதும் இந்தக் குணத்தை நம்பித்தான்.

பாட்டிலுக்குத் திரும்புவோம்

நிறையத் தண்ணீரை ஓடவிட்டும் ஏன் போகவில்லை என்பது இப்போது புரியும். சுவரோரத் தண்ணீரின் தள்ளல் சில பிக்கோநியூட்டன், எதிரே நிற்கும் பிடிகளோ நூறு, ஆயிரம் என்று. ஆனால் தண்ணீரிடம் இன்னொரு விசையும் இருக்கிறது: பரப்பு இழுவிசை. தண்ணீரும் காற்றும் சந்திக்கும் விளிம்பு ஒரு பாக்டீரியாவைக் கடந்து போகும்போது, அதை ஒரு லட்சம் பிக்கோநியூட்டன் அளவுக்குப் பிடித்து இழுக்க முடியும். பாட்டில் நிறையத் தண்ணீர் ஓடும்போது சுவரில் இந்த விளிம்பே கிடையாது. பாதி நிரப்பி, மூடிக் குலுக்கினால் விளிம்பு சுவரில் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டு போகும், ஒவ்வொரு குமிழியும் தன் பங்குக்கு இழுக்கும்.

ஆய்வுக்கூடத்தில் இது ஒரு தலைவலி. ஒட்டிய பாக்டீரியாக்களை எண்ணுவதற்காகக் கண்ணாடித் தகட்டைத் தண்ணீரிலிருந்து தூக்கினாலே அந்த விளிம்பு கடந்து போய் பாதியை வழித்துவிடும், எண்ணிக்கை பொய்யாகிவிடும். அதனால் நீருக்குள் வைத்தே எண்ணுகிறார்கள். பாட்டில் கழுவுகிறவருக்கோ அதே தலைவலி நல்லதாகப் போயிற்று. ஒன்றிரண்டு நாளில் சேர்ந்தவை என்றால் குலுக்கலில் கணிசமாகப் போகும். வழவழப்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு வீடு கட்டிவிட்டார்கள் என்றால் அப்புறம் பிரஷ்ஷைத்தான் எடுக்க வேண்டும்.